வேது பிடிக்கச் சொன்னது நான்தான்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்ஸ்களுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு வரியோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. கொடைக்கானலில் என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கமாக எழுத எனக்கு வராது. என் வேலையைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அது துளியும் குறையவில்லை. ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், என்னைவிட நன்றாகவே. நான் சொல்லப் போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. தப்பு செய்தவளுக்குப் பெருமை எங்கிருந்து வந்தது என்று இப்போதே கேட்காதீர்கள். படித்துக்கொண்டே வாருங்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம். கப்பலேறிச் சென்னைக்கு வந்த ஃப்ளூ காய்ச்சல், ரயிலேறி மதுரைக்கு வந்து, பஸ் ஏறி எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்தது. சீசனுக்கு வந்திருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். காய்ச்சல் மட்டும் தங்கிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி சின்னது. கட்டில்கள் நிறைந்து, வராந்தாவில் பாய் போட்டு, அதுவும் நிறைந்தது. நர்ஸ்களிலேயே பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். நடமாடிக்கொண்டிருந்த எங்களுக்கு மேட்ரன் ஊரைப் பங்கு போட்டுக் கொடுத்தார். எனக்கு வந்தது பஜாரும் அதற்குக் கீழே இருக்கிற தெருக்களும். இருந்த ஒரே டாக்டர், மேல்மலையில் போளூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு எல்லாரும் படுத்துவிட்டார்கள், வெந்நீர் வைக்கக்கூட ஆளில்லை என்று தகவல் வந்து, அங்கே போயிருந்தார். அவராகத் திரும்பி வந்தால்தான் உண்டு. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது.

வீடு வீடாகப் போவோம். காய்ச்சல் பார்ப்போம், மாத்திரை கொடுப்போம், பிறகு எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுத்தான். ஜன்னலைச் சாத்துங்கள், நன்றாகப் போர்த்திப் படுங்கள், வெந்நீரில் யூகலிப்டஸ் இலை போட்டு அந்த ஆவியில் வேது பிடியுங்கள், வியர்த்துக் கொட்டினால் காய்ச்சல் இறங்கிவிடும். கொடைக்கானல்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தும்மல் போட்டால் போதும், பெட்டியிலிருந்து கம்பளி வெளியே வந்துவிடும், கரி போட்ட குமுட்டி அடுப்பு அறைக்குள் வந்துவிடும். அவர்கள் வழக்கமும் என் பாட்டும் ஒன்றாக இருந்ததால் யாரும் மறுத்துப் பேசியதில்லை. பத்து வீடு தாண்டியபின் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லுமளவுக்குத் தேறிவிட்டேன்.

பஜாரில் ரஹீம் பாய் என்று ஒருவர் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்கிற கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. அவர் மனைவி ஜமீலாவுக்கு முப்பது வயதிருக்கும். அவர் பிறந்து வளர்ந்தது பழனி. நாலு வருஷத்துக்கு முன் ஒரு கண் திடீரென்று மங்கி, சில வாரத்தில் தானாகத் தெளிந்தது. அடுத்த வருஷம் கால்கள் பின்னிக்கொண்டன. அதுவும் முக்கால்வாசி சரியானது. சென்னையில் ஒரு நரம்பு டாக்டர் சோதித்துவிட்டு டிசெமினேட்டட் ஸ்கிளிரோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார். நீங்கள் இன்று எம்.எஸ். என்று சொல்கிறீர்களே, அதுதான். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறை அங்கங்கே கெட்டுப்போகும் நோய். அன்றைக்கு அதற்கென்று மருந்து கிடையாது. வீட்டில் எல்லாரும் அதை வாதம் என்றுதான் சொன்னார்கள்.

பழனி வெயிலில் ஜமீலாவால் நடமாட முடியவில்லை. ஒருமுறை கொடைக்கானலுக்கு வந்து பத்து நாள் இருந்தபோது கால் தெம்பாக இருப்பதைக் கண்டு, ரஹீம் பாய் பழனிக் கடையை மூடிவிட்டு மனைவிக்காகவே மலைக்குக் குடிவந்தவர். இது ஜமீலாவின் அண்ணன் காதருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாதம் உள்ளவளைக் குளிரில் கொண்டுபோய் வைத்திருக்கிறானே என்று மாப்பிள்ளை மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல்.

ஜமீலாவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று நான் போனேன். நூற்றிரண்டு. வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். ரஹீம் பாய் ஓடிப்போய்க் கடையிலிருந்து இருப்பதிலேயே கனமான கம்பளிகள் மூன்றைக் கொண்டுவந்தார். நான் அடுப்பில் கொதித்த தண்ணீரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து இலையைப் போட்டேன்.

"சிஸ்டர், எனக்குச் சூடு ஒத்துக்காதுங்க" என்றார் ஜமீலா. "போன மாசம் பழனியில எங்கண்ணன் மக கல்யாணம். அடுப்படியில செத்த நேரந்தான் உக்காந்திருந்தேன். கண்ணு மங்கிப் போச்சு, காலு நிக்க மாட்டேனுருச்சு. திரும்பி வர்றப்ப வத்தலக்குண்டு தாண்டி பஸ்சு மலை ஏற ஏறத் தெளிஞ்சுருச்சுங்க. செண்பகனூர்ல கடை போர்டெல்லாம் படிச்சேன்னா பாத்துக்கங்களேன்."

"அது அடுப்புப் புகைம்மா. இது காய்ச்சல், இதுக்கு வேதுதான் மருந்து. எனக்கு இன்னும் இருபது வீடு கெடக்கு. பேசாம குனிங்க" என்றேன்.

அவர் பேசாமல் குனிந்தார். நான் தலைக்கு மேல் கம்பளியைப் போட்டு மூடினேன். நல்ல வேலை பார்த்தோம் என்ற திருப்தியோடு படியிறங்கிப் போனேன். அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றும் என்னை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் உச்சிவேளைக்குப் பிறகுதான் அந்தப் பக்கம் போக முடிந்தது. கடை பாதி சாத்தியிருந்தது. வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. மாடிக்குப் போனால், ரஹீம் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தாடி வைத்த ஒரு மனிதர் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர்தான் காதர். பஸ் கண்டக்டர் மூலமாகத் தங்கைக்குக் காய்ச்சல் என்று செய்தி போய், வெள்ளனே கிளம்பி வந்திருக்கிறார்.

ஜமீலா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பார்வை என் மேல் விழவில்லை. தோளுக்கு மேலே எங்கோ போனது.

"சிஸ்டருங்களா? ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுங்க. காலும் செத்துக் கெடக்கு."

"எப்ப இருந்து?"

"நேத்து வேது புடிச்சு நிமிந்தப்பவே மங்குச்சுங்க. ராத்திரியில கூடிப்போச்சு."

காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டியிருந்தது. கம்பளிகள் மூன்றும் அப்படியே மேலே கிடந்தன. குமுட்டி கனன்றுகொண்டிருந்தது. பனி நுழையாமல் ஜன்னல் இடுக்குகளில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு செய்திருந்தார்கள்.

காதர் என்னிடம் பேசவில்லை. ரஹீம் பாயிடம்தான் பேசினார். "எல்லாம் இந்தக் குளிரு பண்ணுன வேலை. நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியா மாப்ளே? மதுரையில பெரிய டாக்டர்ட்ட காமிச்சுட்டுப் பழனியிலேயே வச்சுக்கிறேன். இனிமே எந்தங்கச்சி இந்த மலைக்கு வர மாட்டா. வெரசா கட்டு, இருட்டுறதுக்குள்ள எறங்கணும்."

ரஹீம் பாய் தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

அடுப்படியில் கண் மங்கியதும், மலை ஏறும்போது தெளிந்ததும், நேற்று வேதுக்குப் பிறகு மறுபடி மங்கியதும் அந்த நிமிஷத்தில்தான் என் மண்டையில் ஒன்றாகச் சேர்ந்தன. சூடுதான் இவரைப் படுக்கவைக்கிறது. இதே காய்ச்சலோடு, இதே கம்பளியோடு, மூடிய காரில் அடிவாரத்து வெக்கைக்குக் கொண்டுபோனால் என்ன ஆவார்? பிழைத்தாலும் வாழ்நாள் முழுக்கப் பழனி வெயிலில் கண் தெரியாமல், கால் எழாமல் கிடக்க வேண்டியதுதான்.

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். யாரும் என் மேல் குற்றம் சொல்லவில்லை. குற்றத்தைக் காதர் ஏற்கெனவே குளிரின் தலையில் போட்டுவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் கார் கிளம்பிவிடும். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. வாயைத் திறந்தால் வேலை போகலாம். அந்த ஊரில் வேறு ஆஸ்பத்திரியில் போய் நிற்கவும் முடியாது. இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று எழுதினால் பொய்.

முதலில் பாதி உண்மையைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "இவ்வளவு காய்ச்சலோட பயணம் வேண்டாங்க" என்றேன்.

"இங்க வச்சு என்னத்தப் பாக்கப் போறீங்க? டாக்டரு இருக்காரா?" என்றார் காதர்.

"இல்லைங்க. போளூர்ப் பக்கம் போயிருக்காரு."

"அப்பறம் என்ன? உங்க சோலியப் பாருங்கம்மா."

பாதி உண்மைக்கு அவ்வளவுதான் மரியாதை. முழுசாகச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

"குளிர் இல்லைங்க. நான்தான்" என்றேன். "சூடு ஒத்துக்காதுன்னு நேத்து இவங்க எங்கிட்ட சொன்னாங்க. நான் காதுல வாங்கல. வேது புடிக்கச் சொன்னது நான்தான். இத்தனை கம்பளியையும் போத்தச் சொன்னதும் நான்தான். சூடுதான் இவங்க கண்ணையும் காலையும் இப்படிப் பண்ணியிருக்கு. கீழே கொண்டு போனா இன்னும் மோசமாகும். எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்க. சூட்டை எறக்கிப் பாக்குறேன்."

பெட்டியில் துணி அடுக்கிய கை நின்றது. காதர் என் பக்கம் திரும்பினார். "பண்ணுறதையும் பண்ணிப்புட்டு ரெண்டு மணி நேரம் வேற கேக்குறியா நீ?" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை நான் கவனித்தேன். அதற்கு நான் தகுதியானவள்தான் என்றும் நினைத்துக்கொண்டேன்.

கட்டிலிலிருந்து ஜமீலாவின் குரல் வந்தது. "அண்ணே, குடுங்க. நான் சொன்னது சரின்னு ஆஸ்பத்திரி ஆளு ஒருத்தங்க சொல்லியிருக்காங்க. நாலு வருசத்துல இதான் மொதத் தடவ. இருந்து பாப்போம்."

"சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்றவரைக்கும். பாங்கு கேட்ட ஒடனே காரு கெளம்பும்" என்று சொல்லிவிட்டுக் காதர் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கம்பளிகளை எடுத்தேன். "வெறச்சுப் போயிருவாங்க சிஸ்டர்" என்று ரஹீம் பாய் பதறினார். அவர் வாழ்நாளில் யார் மேலிருந்தும் கம்பளியை எடுத்துப் பழக்கமில்லாத மனிதர். குமுட்டியை அவர் கையிலேயே கொடுத்து வெளியே அனுப்பினேன். ஜன்னலில் ஒட்டியிருந்த தாளைக் கைக்கு எட்டியவரை கிழித்துக் கதவைத் திறந்தேன். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. மாத்திரை கொடுத்தேன். கைக்கு இதமான வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்துக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று துடைக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் உடம்பு நடுங்கி உள்ளே சூடு இன்னும் ஏறிவிடும். விழுங்குவது சிரமமாக இருக்கலாம் என்று தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன்.

எனக்கு உறுதியாகத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. நோய் புதிதாக இன்னொரு முறை தாக்கியதாகவும் இருக்கலாம். அப்படியானால் என் ஈரத்துணியால் ஒன்றும் ஆகப் போவதில்லை. ஒரு நோயாளியை வீணாகத் தாமதப்படுத்திய பழியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் நான் தப்பாக இருந்தால் நஷ்டம் இரண்டு மணி நேரம். காதர் தப்பாக இருந்தால் நஷ்டம் இரண்டு கண்ணும் இரண்டு காலும். எது சரி என்று தெரியாதபோது, எந்தத் தப்பைப் பிறகு திருத்த முடியும் என்று பாருங்கள். என் முப்பத்திநாலு வருஷ வேலையில் இதைவிட உபயோகமான கணக்கு எதையும் நான் போட்டதில்லை.

அரைமணி நேரத்தில் காய்ச்சல் அரை டிகிரிதான் இறங்கியது. ஒரு மணி நேரத்தில் நூற்றொன்று. கண் தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தேன். காற்றில் எனக்கே பல் கிட்டியது. மறுபடி வைத்துப் பார்த்தபோது நூறுக்குச் சற்று மேல்.

"சிஸ்டர், அந்த ஜன்னல்ல ஒட்டியிருக்கிறது சோப்பு வெளம்பரமா?" என்றார் ஜமீலா.

நான் திரும்பிப் பார்த்தேன். கிழித்தது போக மேலே ஒட்டியிருந்த தாளில் பாதி விளம்பரம் மிச்சமிருந்தது. சோப்புதான்.

"பெரிய எழுத்து மட்டுந்தான் தெரியுதுங்க" என்றார், குறை சொல்வது போல.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. கால் விரலை ஆட்டச் சொன்னேன். இடது கட்டைவிரல் அசைந்தது. வலது அசையவில்லை. முட்டி மட்டும் கொஞ்சம் அசைந்தது.

அப்போது பாங்கு கேட்டது. காதர் படியிலிருந்து எழுந்து உள்ளே வந்து கட்டிலுக்கு எதிரே நின்றார். ஜமீலா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். "என்னண்ணே, சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க?" என்றார்.

காதர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். காலையில் செய்தி கேட்ட அவசரத்தில் ஒரு ஓட்டை தள்ளி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பழனியிலிருந்து கொடைக்கானல் வரை அதை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாவது பித்தானுக்கு மேல் முடியவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நான் வரலைண்ணே. காரை அனுப்பிச்சுருங்க" என்றார் ஜமீலா. கார் காலியாக இறங்கிப் போனது.

இத்தோடு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு நாள் காய்ச்சல் ஏறி இறங்கியது. ஏறும்போதெல்லாம் கண் மங்கியது, இறங்கும்போதெல்லாம் தெளிந்தது. சளி நெஞ்சில் தங்காமல் இருக்கத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தோம். கண் முழுதாக வந்தது. இடது கால் வந்தது. வலது கால் பழையபடி வரவில்லை. அதன்பிறகு ஜமீலா தடி ஊன்றித்தான் நடந்தார். திரும்பி வந்த டாக்டரிடம் அது என் வேதுவால் ஆனதா என்று கேட்டேன். அந்தக் காய்ச்சல் தானாகவே அவ்வளவும் செய்திருக்கலாம், இந்த நோய்க்காரர்களை வைரஸ் காய்ச்சல் வந்துபோன பிறகும் சில வாரம் விடாமல் பார்க்க வேண்டும், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அந்த ஆறுதலை நான் பாதிதான் எடுத்துக்கொண்டேன். அறுபதுகளின் கடைசியில் மறுபடி ஒரு காய்ச்சல் அலை வந்தபோது, எந்த வீட்டிலும் தெர்மாமீட்டரை வெளியே எடுப்பதற்கு முன் 'உங்களுக்கு எது ஒத்துக்காது?' என்று கேட்டேன். பதில் வரும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்களும் அப்படி நில்லுங்கள். அடுத்த வீடு எங்கேயும் ஓடிப் போகாது.

கார் திரும்பிப் போன அன்று மாலையே ரிப்போர்ட் புத்தகத்தில் நான் செய்ததை நானே எழுதி வைத்துவிட்டேன். மேட்ரன் அதைப் படித்துவிட்டு என்னை நிற்கவைத்துத் திட்டிய திட்டில் வராந்தாவில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேலை போய்விட்டது என்ற முடிவோடுதான் போனேன்.

"பழனிக்காரர் ஒருத்தர் வந்து அரைமணி நேரமா உன்னைப் பத்தியே பேசிட்டுப் போறார்" என்றார் மேட்ரன்.

நான் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நடந்ததுக்கு மன்னிச்சுக்கங்க, இனிமே சீனியர் நர்ஸ் ஒருத்தரை அனுப்புறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டார்." மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "'அந்தப் பொண்ணையே அனுப்புங்க. தப்பு நடந்தா, நாங்க கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடி அது வாயைத் தொறந்து சொல்லிரும். அப்படி ஒரு ஆளு கையிலதான் எந்தங்கச்சியை விட்டுட்டுப் போவேன்.' அதான் அவர் சொன்னது, ஒரு வார்த்தை மாத்தாம."

நான் மறுபடி ஒருமுறை தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"என்ன நிக்கிற? போ. அவங்க காத்திட்டிருப்பாங்க" என்றார் மேட்ரன்.

ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரு நர்ஸ் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்தேன். அதற்குப் பிறகு பஜார்வரை ஓடினேன்.